பில் ஃபே 41 ஆண்டுகள் எங்கே போயிருந்தார்?

தம்பி, நீங்கள் கேட்டது இது. இலண்டனில் இருக்கும் உங்கள் அக்கா அனுப்பிய பாடல்களுக்குள் பில் ஃபே என்ற ஆங்கிலப் பாடகரின் ‘லைஃப் இஸ் பீப்பிள்’ என்ற தொகுப்பு இருந்திருக்கிறது. 1971இல் ஓர் இசைத்தட்டு வெளியிட்டவர், 2012இல்தான் அடுத்ததை வெளியிட்டார் என்று அறிந்தீர்கள். “41 ஆண்டு மௌனமாக இருந்துவிட்டு வந்த ஒரு வயோதிபரை இப்படிக் கொண்டாடுவது அனுதாபத்தினாலா? பாட்டில் உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா? இருந்தால் எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?” என்று எழுதியிருக்கிறீர்கள்.

பாட்டில் இருக்கிறது, நிறைய இருக்கிறது. அதைச் சொல்லுவதற்கு முன்னர் உங்கள் கேள்வியிலுள்ள ‘மௌனம்’ என்ற சொல்லைத் திருத்த வேண்டும். அந்தச் சொல்லை மனதில் வைத்துக்கொண்டு கேட்டால் இந்த இறுவட்டை முழுவதும் பிழையாகவே கேட்பீர்கள்.

முதலில் மனிதரைப் பற்றி. பில் ஃபே 1943இல் வட இலண்டனில் பிறந்தவர். வேல்ஸிலுள்ள பாங்கோருக்கு மின்னணுவியல் படிக்கப் போன இடத்தில் பியானோவிலும் ஆர்மோனியத்திலும் பாட்டுக் கட்டப் பழகினார். வெள்ளைக்காரர் ஒருவரின் கதையில் ஆர்மோனியம் வந்ததும் எனக்கு எங்கள் இசைநாடக நடிகர் நடிகமணி வைரமுத்துவின் மயான காண்ட மேடை நினைவுக்கு வந்தது. விரல் ஒரு கட்டையில் அழுத்திக்கொண்டே இருக்க, குரல் அதன்மேல் ஏறிப் போகும் அந்த முறை ஃபேயின் பாட்டிலும் உண்டு. பியானோவில் வாசித்தாலும், பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் ஒரு சுரக்கூட்டைப் பிடித்துக்கொண்டு அதன் நிழலில் நின்றே பாடுவார்.

1967இல் டெக்கா நிறுவனத்தின் டெரம் முத்திரையில் அவருடைய முதல் சிறு தட்டு வந்தது. பாடகர் டேவிட் போவியின் முதல் தொகுப்பு வந்ததும் அதே ஆண்டில், அதே முத்திரையில்தான். 1970இல் ‘பில் ஃபே’ என்ற பெயரில் முதல் முழுத் தொகுப்பு. மைக் கிப்ஸ் என்பவர் பெரிய வாத்தியக் குழுவுக்கு இசை ஒழுங்கு எழுதினார். அதன் முதற் பாட்டில், தோட்டத்தில் உருளைக்கிழங்குக்குப் பக்கத்தில் தன்னையே ஒரு பயிராக நட்டுக்கொள்ளப் போவதாக ஒருவன் சொல்கிறான். யாழ்ப்பாணத்துக் கோப்பாய், உரும்பிராய்ச் செம்மண்ணில் உருளைக்கிழங்கு நட்டு வளர்ந்த எங்களுக்கு அது பூந்தோட்டத்துக் கற்பனையாகத் தோன்றாது. பாத்தியில் குந்தியிருக்கிற ஒருவனுடைய பேச்சாகத்தான் கேட்கும்.

1971இல் வந்த இரண்டாவது தொகுப்பு ‘டைம் ஒஃப் த லாஸ்ட் பெர்செக்கியூஷன்’ வேறு மனிதர் பாடியதுபோல இருக்கும். வாத்தியக் குழு போய்விட்டது. ரே ரசலின் மின் கிற்றார் கிழிக்கிறது. 1970 மே 4ஆம் திகதி அமெரிக்காவின் கென்ட் அரசுப் பல்கலைக்கழகத்தில் தேசியக் காவற்படை சுட்டதில் நான்கு மாணவர்கள் இறந்தார்கள். அந்தச் செய்தியின் அதிர்ச்சி தலைப்புப் பாட்டுக்குள் இருக்கிறது. விவிலியத்தின் தானியேல் ஆகமமும் வெளிப்படுத்தல் நூலும், தெயார் த சார்டின் என்ற யேசு சபைத் துறவியின் சிந்தனையும் அப்போது அவரை ஆட்கொண்டிருந்தன. தட்டின் உறையில் தாடியும் கலைந்த தலையுமாக ஒரு முகம். தட்டு விற்கவில்லை. நிறுவனம் அவரை விட்டுவிட்டது.

அந்த உறைப் படம் பின்னர் பெரும் தீங்கு செய்தது. பழைய தட்டுகளைத் தேடிச் சேகரிப்பவர்கள் அந்த முகத்தை வைத்து ஒரு கதை கட்டினார்கள்: புத்தி பேதலித்துப்போனார், போதையில் அழிந்தார், உலகத்தை விட்டு ஒதுங்கிவிட்டார் என்று. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. தோட்டப் பராமரிப்பு, பழம் பறித்தல், மீன் பொதி செய்தல், தொழிற்சாலை வேலை என்று கிடைத்ததைச் செய்து சாப்பிட்டார். வீட்டுக்கு வந்து பியானோவின் முன்னால் இருந்தார். பாட்டு எழுதினார். தான் இசைத்துறையை விட்டுப் போகவில்லை, இசைத்துறைதான் தன்னை விட்டுப் போனது என்று அவரே பின்னாளில் சொன்னார். இதை நான் எழுத்துக்கு எழுத்து நம்புகிறேன், ஏனென்றால் சான்று இருக்கிறது. 1978க்கும் 1981க்கும் இடையில் ஒரு குழுவோடு சேர்ந்து ஒரு முழுத் தொகுப்புக்குரிய பாட்டுகளைப் பதிவு செய்தார். அது வெளிவந்தது 2005இல். 2009இல் வீட்டில் பதிவு செய்தவை 2010இல் வந்தன. 41 ஆண்டு என்பது கலையகத்தில் பதிவாகி உடனுக்குடன் கடைக்கு வந்த இரண்டு தொகுப்புகளுக்கு இடையிலான கணக்கு. பாட்டின் கணக்கில் அப்படியோர் இடைவெளியே கிடையாது.

இது எனக்கு ஏன் இவ்வளவு முக்கியமாகப் படுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். 1980களில் யாழ்ப்பாண நகரத்தில் ஓர் ஒலிப்பதிவு நிலையத்தில் வேலை செய்தேன். ரெக்கோடிங் பார் என்போம். ஒருவர் தாளில் பாட்டுகளின் பெயரை எழுதிக்கொண்டு வருவார். 60 நிமிடக் கசெற்றில் இந்தப் பக்கம் இவ்வளவு, அந்தப் பக்கம் இவ்வளவு என்று கணக்குப் பார்த்துத் தட்டிலிருந்து பதிந்து கொடுப்போம். யாருடைய தாளிலும் பெயர் வராத தட்டு உறையை விட்டு வெளியே வராது. அப்படி உறைக்குள்ளேயே இருந்த நல்ல தட்டுகள் எத்தனையோ என் கையில் பட்டிருக்கின்றன. கடை பூட்டிய பிறகு ஒன்றிரண்டைப் போட்டுப் பார்ப்பேன். முழு அறையும் நிறைந்து ஒருவர் பாடுவார், கேட்க நான் ஒருவன்.

1990இல் மின்சாரம் நின்றது. பற்றரிக்கும் தடை வந்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்துக் கசெற் கேட்டோம். உங்கள் அப்பாவைக் கேட்டால் சொல்லுவார். ஒருவர் சுற்ற நாலு பேர் கேட்க வேண்டும், பிறகு ஆள் மாற வேண்டும். சுற்றுகிறவருக்குக் கை சோர்ந்தால் பாடகரின் குரல் கீழே இறங்கி இழுபடும். அவர் மூச்சுப் பிடித்துச் சுற்றினால் குரல் நிமிர்ந்து வரும். பாட்டு ஒன்றுதான். அதை நடத்துகிற கைதான் களைத்தது.

2013இல் விடுமுறைக்கு வந்த என் மருமகன் இந்த இறுவட்டைக் கொண்டுவந்து போட்டான். முதலில் 1970ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்றையும், அதன் பின்னர் புதியதில் ஒன்றையும் அடுத்தடுத்துக் கேட்டேன். அந்தச் சைக்கிள்தான் நினைவுக்கு வந்தது. அதே குரல், மெதுவாகச் சுற்றப்படுகிறது. வெளிவந்தபோது அவருக்கு 68 வயது. மேல் சுரங்களுக்கு இப்போது ஏறுவதில்லை. சில சொற்களின் கடைசி எழுத்துக் காற்றாகப் போய்விடுகிறது. ஆனால் சொல்லை வைக்கும் இடம் பிசகவில்லை. 41 ஆண்டு பாடாமல் இருந்த தொண்டையால் அப்படி வைக்க முடியாது.

எங்கள் ஒழுங்கையில் கூத்துப் பழக்கும் ஓர் அண்ணாவியார் இருந்தார். மேடை நின்றுபோன ஆண்டுகளில் அவரை யாரும் கூத்துக்குக் கூப்பிடவில்லை. வெங்காயத்துக்குத் தண்ணீர் மாறும்போது, பாத்திக்குப் பாத்தி மண்ணை வெட்டி விட்டுக்கொண்டு, விடிய விடிய ஆடும் ஒரு கூத்தின் பாட்டுகளை முதலிலிருந்து கடைசி வரை பாடுவார். இயந்திரச் சத்தத்தில் பக்கத்துத் தோட்டத்துக்குக்கூடக் கேட்காது. 1995 ஒக்டோபரில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து போனபோதும், திரும்பி வந்தபோதும் அவர் அதை விடவில்லை. சண்டை ஓய்ந்த ஒரு காலத்தில் மேடை ஏறினார். “இத்தனை ஆண்டுக்குப் பிறகு” என்று எல்லோரும் வியந்தார்கள். தோட்டத்துப் பக்கம் போன எங்களுக்கு வியப்பாக இருக்கவில்லை.

ஃபே திரும்பி வந்த விதமும் ஒரு தோட்டத்திலிருந்துதான் தொடங்குகிறது. 1998இல் ஒரு நாள் தோட்ட வேலை செய்துகொண்டே தன் பழைய பாட்டுகளைக் கசெற்றில் கேட்டுக்கொண்டிருந்தார். பரவாயில்லாமல்தான் இருக்கின்றன, என்றாவது யாராவது கேட்கக்கூடும் என்று ஓர் எண்ணம் வந்ததாம். அன்று மாலை ஓர் இசை எழுத்தாளர் தொலைபேசியில் கூப்பிட்டு, அவருடைய இரண்டு தட்டுகளும் மறுபடி வெளிவருவதாகச் சொன்னார். அதுவரை அவருக்கே அந்தச் செய்தி தெரியாது. பின்னர் அமெரிக்காவின் வில்கோ குழுவின் ஜெஃப் ட்வீடி, 1970ஆம் ஆண்டுத் தொகுப்பிலுள்ள ‘பீ நொட் சோ ஃபியர்ஃபுல்’ என்ற பாட்டைத் தன் மேடைகளில் பாடத் தொடங்கினார். அஞ்சாதே, உன்னைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருக்கிறார் என்பதுதான் அதன் சாரம். 2007இல் இலண்டனில் வில்கோவின் நிகழ்ச்சியில் ஃபேயும் மேடையேறி அதை அவர்களோடு சேர்ந்து பாடினார்.

கடைசியாக வந்தவர் ஜோசுவா ஹென்றி என்ற அமெரிக்கத் தயாரிப்பாளர். அவருடைய தகப்பனார் வாங்கி வைத்திருந்த ஃபேயின் தட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர். தேடிப் பிடித்துப் பேசி, வீட்டில் குவிந்திருந்த பாட்டுகளைக் கேட்டு, கலையகத்துக்கு அழைத்துப் போனார். 1971ஆம் ஆண்டுத் தட்டில் வாசித்த ரே ரசலும் மேளகாரர் அலன் ரஷ்டனும் சில பாட்டுகளுக்கு வந்து வாசித்தார்கள். இப்படி உருவானதுதான் 2012 ஓகஸ்டில் வந்த ‘லைஃப் இஸ் பீப்பிள்’. வாழ்க்கை என்றால் மனிதர்கள்தான் என்று நான் அதைத் தமிழில் சொல்லிக்கொள்வேன்.

இனிப் பாட்டுகள். பன்னிரண்டு இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே எடை கொடுக்க என்னால் முடியாது.

முதற் பாட்டு ‘தேர் இஸ் எ வாலி’. மலைகளும் மரங்களும் மனிதர் செய்கிறவற்றுக்குச் சாட்சியாக நிற்கின்றன. தெருச்சண்டையில் விழுந்த ஒவ்வொரு குத்தும், துப்பாக்கியிலிருந்து புறப்பட்ட ஒவ்வொரு சன்னமும் இறைவனின் உள்ளங்கையில் எழுதப்பட்டிருக்கிறது என்கிறார். இதைச் சொல்லும்போது குரலை உயர்த்துவதில்லை. யார் சுட்டது, யாருக்கு என்று பிரித்துக் காட்டுவதும் இல்லை. நான் அதை முதன்முறை கேட்டபோது பாட்டை நிறுத்திவிட்டு வெளியே போய் வளவுக்குள் கொஞ்ச நேரம் நின்றேன். 1971இல் இதே மனிதர் இதே கோபத்தைக் கிற்றாரின் அலறலோடு பாடியிருந்தார். அப்போது உலகத்தின் முடிவு நாளை வருகிறது என்ற அவசரம் இருந்தது. இப்போது எல்லாம் எழுதப்பட்டாயிற்று, ஒன்றும் அழியாது என்ற நிதானம். கோபம் குறைந்ததாக எனக்குப் படவில்லை. கனத்துப் போயிருக்கிறது.

‘த நெவர் எண்டிங் ஹப்பனிங்’ தொகுப்பின் இதயம். பியானோவும் தந்தி வாத்தியங்களும் மட்டும் போல ஒதுங்கிய இசை. பறவைகள், போருக்குப் போன பிள்ளைகள், வருவதும் போவதும், முடிவில்லாமல் நடந்துகொண்டே இருக்கும் ஒன்றில் நானும் ஒரு துண்டு, அதுவே எனக்கு வியப்பு என்கிற பாட்டு. சந்தம் தாலாட்டைப்போல இருப்பதால் போரைப் பற்றிய வரி வரும்போது முதலில் உறைக்காது. அடுத்த வரிக்குப் போன பிறகுதான் முந்திய வரி வந்து நெஞ்சில் தட்டும். மிக அபூர்வமாகத் தொலைக்காட்சிக்கு வந்த ஃபே, அந்த ஆண்டு பிபிசியில் ஜூல்ஸ் ஹாலண்டின் நிகழ்ச்சியில் பாடியதும் இதைத்தான்.

‘த ஹீலிங் டே’ என்பதைப் ‘புண் ஆறும் நாள்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாளில் எல்லாம் சரியாகிவிடும் என்று மிக எளிய சொற்களால் சொல்கிறார். இளைஞர் ஒருவர் பாடியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன். மார்கழியில் திருவெம்பாவைக் காலத்தில் விடியப்புறம் சங்கும் சேமக்கலமுமாகத் தெருவால் பாடிக்கொண்டு போகும் கிழவர்களின் குரலை நினைத்துப் பாருங்கள். சுருதி விலகும், மூச்சு வாங்கும், ஆனால் படுக்கையில் கிடந்து கேட்கிறவனுக்கு அந்தக் குரல்தான் வேண்டும். கச்சேரி வித்துவான் அந்த நேரத்தில் வந்து பாடினால் ஒட்டாது. ஃபேயின் இறைநம்பிக்கை கிறிஸ்தவம் சார்ந்தது, நான் சைவன். இந்தப் பாட்டுகளைக் கேட்க அது ஒருநாளும் குறுக்கே நின்றதில்லை.

வில்கோவின் ‘ஜீசஸ், எற்செற்றரா’ என்ற பாட்டையும் இதில் பியானோவோடு தனியாகப் பாடியிருக்கிறார். ட்வீடி இவருடைய பாட்டை ஊர் ஊராகக் கொண்டுபோனார், இவர் ட்வீடியின் பாட்டை எடுத்துக்கொண்டார். ‘திஸ் வேர்ல்ட்’ பாட்டில் இருவரும் சேர்ந்தே பாடுகிறார்கள். அது நல்ல துள்ளலான பாட்டு, ஆனால் நான் அடிக்கடி போடுவதில்லை.

குறை என்றால், ‘பீ அற் பீஸ் வித் யுவர்செல்ஃப்’ பாட்டில் ஒரு பெரிய தேவாலயப் பாடகர் குழு வந்து சேர்கிறது. அந்தப் பாட்டுக்கு அவ்வளவு பேர் தேவையில்லை. காதுக்குள் சொல்ல வேண்டியதை ஒலிபெருக்கியில் சொன்னதுபோல ஆகிவிட்டது. ‘கொஸ்மிக் கொன்சேர்ட்டோ’வும் சற்று நீளம். இவற்றை மறைத்துவிட்டுப் புகழ்ந்தால்தான் அது அனுதாபமாகும். குறையைக் குறை என்று சொன்ன பிறகும் மிஞ்சுவது ஏராளம்.

பாடலாசிரியர் என்ற சொல்லைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். சினிமாவால் எங்களுக்குப் பாட்டு எழுதுகிறவர் ஒருவர், மெட்டமைப்பவர் ஒருவர், பாடுகிறவர் இன்னொருவர் என்று பழகிவிட்டது. ஃபே மூன்றும் தானேயானவர். எங்கள் மரபில் அதற்கு வாக்கேயகாரர் என்று பெயர் உண்டு. சொல்லும் இசையும் ஒரே பிறப்பாக வருகிறவர். நுண்கலை படிக்கிற உங்களுக்கு இணுவில் வீரமணி ஐயரைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ‘கற்பகவல்லி நின் பொற்பதங்கள்’ பாட்டை ரி. எம். சௌந்தரராஜனின் குரலில் கேட்டவர்கள் கோடிக்கணக்கானோர், அதை எழுதியவர் எங்கள் ஊரவர் என்று அறிந்தவர்கள் சிலர். ஆனால் ஐயரிடம் பாட்டு வந்துகொண்டே இருந்தது. 72 மேளகர்த்தா இராகங்களிலும் கீர்த்தனை செய்தார். ஃபேயும் அந்த இனத்தவர். பாட்டைத் தான் ஆக்குவதாக அவர் நினைக்கவில்லை, பியானோவில் தேடிக் கண்டெடுப்பதாகவே பேசுவார்.

உங்கள் அக்கா அமெரிக்கப் பாடகர் ரொட்ரிகேஸ் பற்றிய ஆவணப்படத்தையும் அனுப்பியதாக எழுதியிருந்தீர்கள். இரண்டும் 2012இல் வந்தவை என்பதால் பலர் இருவரையும் ஒரே கதையாக்கிவிடுகிறார்கள். ரொட்ரிகேஸும் 1970, 1971இல் இரண்டு தட்டு வெளியிட்டுத் தோற்றவர்தான், டெட்ரோயிட்டில் கட்டட வேலை செய்தவர்தான். தென்னாபிரிக்காவில் அவர் பாட்டு ஓங்கி ஒலித்ததை அவர் அறியாமலே இருந்ததும் உண்மை. ஆனால் அவர் மேடைக்குக் கொண்டுவந்தவை பழைய பாட்டுகள். புதிய பாட்டுத் தொகுப்பு ஒன்றும் வரவில்லை. ஃபேயோடு ஒப்பிட வேண்டியவர் ஆங்கிலப் பாடகி வஷ்டி பன்யன். 1970இல் ஒரு தட்டு, 2005இல் ‘லுக்காஃப்டரிங்’. ஆனால் அவர் இடையில் உண்மையிலேயே பாட்டை விட்டிருந்தார், பிள்ளை வளர்த்தார். அந்த இறுவட்டில் கேட்பது மறுபடி வாய் திறப்பவரின் தயக்கம், அது வேறு அழகு. ஃபேயிடம் அந்தத் தயக்கத்தைத் தேடாதீர்கள்.

2012க்குப் பின்னர் அவர் நிற்கவில்லை. 2015இல் ‘ஹூ இஸ் த சென்டர்?’ (அனுப்புகிறவர் யார்?), 2020இல் ‘கவுண்ட்லெஸ் பிராஞ்சஸ்’. கடைசியது மிகவும் சிறியது, மிகவும் ஒடுங்கியது, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். 2025 பெப்ரவரி 22ஆம் திகதி 81 வயதில் காலமானார்.

எங்கிருந்து தொடங்குவது? 1971ஆம் ஆண்டுத் தட்டிலிருந்து தொடங்க வேண்டாம், அது இப்போது உங்களை வெளியே தள்ளிவிடும். ‘த நெவர் எண்டிங் ஹப்பனிங்’ பாட்டை மட்டும் நாலைந்து நாள் கேளுங்கள். பிறகு ‘தேர் இஸ் எ வாலி’. அதன் பின்னர் 1970க்குப் போய் உருளைக்கிழங்குப் பாட்டைக் கேளுங்கள். அதற்குப் பிறகு 1971க்குப் போகலாம், பயமிருக்காது. பஸ்ஸில் கேட்க வேண்டாம், அவர் சொல்லின் கடைசிப் பகுதி முழுவதும் இரைச்சலில் போய்விடும்.

வீட்டில் ஆர்மோனியம் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். ‘த நெவர் எண்டிங் ஹப்பனிங்’ பாட்டை அதில் எடுத்துப் பாருங்கள், அதிகம் சுரக்கூடுகள் இல்லை. துருத்தியை மெல்ல நடத்துங்கள். முதல் ஒரு கிழமைக்கு உங்கள் சொந்தச் சங்கதி எதையும் சேர்க்காமல் பாடுங்கள்.